முதலில் மொட்டைமாடி, பிறகு மெஷின்!

(தலைப்பு: கோடையில் வீட்டைக் குளிர வைக்கப் பெரிதும் தேவை புது இயந்திரமா? இருக்கிற வீட்டின் பராமரிப்பா? ‘பராமரிப்பே’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! ‘புது இயந்திரமே’ என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! கத்திரி வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிற தேவகோட்டைப் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? “ஏசி இல்லாத வீடு ஒரு வீடா?” என்று கேட்டார். அய்யா, நாங்கள் ஏசிக்கு எதிரி இல்லை. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டிலே, நடுராத்திரியிலும் சுவர் அனலடிக்கும்போது ஏசி ஆடம்பரம் இல்லை, அவசியம். ஆனால், கூரை வழியாக வெயிலை இலவசமாக உள்ளே விட்டுவிட்டு, கடையிலே போய்க் காசு கொடுத்துக் குளிரை வாங்குகிறீர்களே, இது என்னய்யா கணக்கு? (கைதட்டல்)

ராத்திரி ஏன் இப்படிப் புழுங்குகிறது? நம்ம தலைக்கு மேலே இருக்கிறது கான்கிரீட் தளம். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் வெயிலைக் குடிக்குது. குடிச்ச சூடு தளத்தைக் கடந்து கீழே இறங்கச் சில மணி நேரம் ஆகும். சரியா நாம பாயை விரிக்கிற நேரத்துக்கு வந்து சேருது! வெளியிலே சூரியன் மறைஞ்சாச்சு. வீட்டுக்குள்ளே இப்பத்தான் உதிக்குது. தலைக்கு மேலே ஒரு தோசைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுட்டு, அதுக்குக் கீழே ஃபேனைப் போட்டா என்ன ஆகும்? அனல்தான் சுத்திச் சுத்தி வரும்.

இந்தச் செட்டிநாட்டிலே நின்று இதைப் பேச எனக்கு என்ன கவலை? நீங்கள் பார்க்காத வீடா? உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, நடுவிலே முற்றம், முன்வாசலுக்கு நேராகப் பின்வாசல். காத்து ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும். சூடு மேலே எழும்பி முற்றத்து வழியா வெளியேறும். அந்த மாதிரி வீடு கட்டச் சொல்லவில்லை அய்யா, நம்மால் முடியாது. அந்த வீட்டிலே இருந்த புத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எப்படி? மொட்டைமாடியைக் கூட்டிப் பெருக்கி, விரிசலை அடைச்சு, நல்ல வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடிங்க. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும். கீழே அறையிலே சில டிகிரி குறையும். இன்னும் கொஞ்சம் வசதி இருக்கா? தட்டோடு பதிக்கலாம், வெயிலைத் திருப்புகிற பெயிண்ட் அடிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டலாம். உள்ளே திரைச்சீலை போடுவதைவிட வெளியே தட்டி நல்லது. வெயிலை வாசலிலேயே நிறுத்திடும். ‘கிராமத்து வைத்தியம்’ என்று தம்பி சிரிக்கிறார். தம்பி, தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது!

அன்றைக்குச் சென்னையிலே, 1842-இல், கடற்கரை ஓரத்தில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வரும். கவனிங்க, காசு கொடுத்து ஐஸ் வாங்கினவனுக்கும் முதல் தேவை என்ன? அதைக் காப்பாற்ற ஒரு கட்டடம்! கட்டடம் சரியில்லைன்னா கப்பல்லே வந்தது பனிக்கட்டி, கையிலே மிஞ்சுறது தண்ணி. ஓட்டை வீட்டிலே ஏசி போடுறதும் அதே கதைதான். (கைதட்டல்)

சரி, ஏசியே வாங்கியாச்சு. அதையாவது பராமரிக்கிறோமா? ஒன்றரை டன் என்றதும் “இம்புட்டு எடையைச் சுவரு தாங்குமாப்பா?” என்று கேட்ட பாட்டி உண்டு. (சிரிப்பு) அது எடை இல்லை பாட்டி. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்திலே உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை வெளியே தள்ளுகிற சக்தி.

வருஷா வருஷம் மே மாசம் ஆனா “கேஸ் தீர்ந்து போச்சு” என்று ஒரு கேஸ் பில். நம்மவர்களும் கொடுக்கிறார்கள். அய்யா, ஏசி கேஸ் என்ன அடுப்பு கேஸா, எரிஞ்சு தீர? மூடின குழாய்க்குள்ளே அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பொத்தல் குடத்திலே தண்ணி மொள்கிற கதை. “முதல்லே கசிவைக் காட்டுங்க, அடைங்க, அப்புறம் நிரப்புங்க” என்று கேட்கிற தைரியம் நமக்கு வரணும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழட்டிக் கழுவுங்க, காசில்லாத வேலை. 18-லே வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறோம். இது குளிரா, வீம்பா? 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகளைப் போட்டதும் 24-இலே நிற்கிற மாதிரிதான் அமைக்கணும் என்று மத்திய அரசு விதி வகுத்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அலுவலகம் சொல்கிற கணக்கு.

ஃபேன் மெதுவா ஓடுதா? உடனே புது ஃபேன் வாங்க ஓடாதீங்க. பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், சின்னச் செலவு. மாற்றியே ஆகணும்னா பிஎல்டிசி ஃபேன் வாங்குங்க. சாதா ஃபேன் 75 வாட். ஒரு யூனிட்டுக்கு 13 மணி நேரம் ஓடும். இது 30 வாட். ஒரே யூனிட்டுக்கு 33 மணி நேரம்! நாங்களும் புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையாக வாங்கு என்கிறோம்.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. தவணையிலே வாங்கின ஏசியை எங்கே மாட்டுகிறோம்? படுக்கையறையிலே. அப்பா உள்ளே, பிள்ளைகள் உள்ளே. “கதவைச் சாத்து, கதவைச் சாத்து, குளிர் போயிடும்!” சாத்தின கதவுக்கு வெளியே யார் நிற்கிறது? அடுப்பங்கரையிலே சப்பாத்தி போட்டுக்கொண்டு அம்மா! கூடத்திலே விசிறியை ஆட்டிக்கொண்டு ஆத்தா! அந்த அறையின் சூட்டையெல்லாம் மெஷின் வெளியே தள்ளுகிறதே, அது அடுப்பங்கரை ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தால், அந்த அனலும் அவள் தலையிலேதான்! (பலத்த கைதட்டல்)

ஏசிக்குக் கதவு உண்டு அய்யா. கூரைக்குக் கதவு கிடையாது. மாடியிலே அடிக்கிற சுண்ணாம்பு அப்பாவுக்குத் தனி, ஆத்தாவுக்குத் தனி என்று பிரிக்காது. சமைக்கிற கைக்கும் அது நிழல் கொடுக்கும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நம் வீட்டு நிழலின் அருமை அடுப்படியிலே தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். முதலில் மொட்டைமாடி. அடுத்து ஜன்னல். அடுத்து ஃபேன். அதற்கும் அடங்காவிட்டால் ஏசி; அந்த ஏசிக்கும் பராமரிப்பு. ஆகவே, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் குளிர்ச்சி தருவது பராமரிப்பே, பராமரிப்பே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டு விடைபெறுகிறேன்.