சாப்பாவும் சரித்திரப் பாடமும்



இடக்கொச்சி காயலோர ஊர். அங்கிருந்து வடக்கே போனால் பள்ளுருத்தி, தோப்பும்படி, பிறகு மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரிக்குப் பலர் சுற்றுலா போகிறார்கள். அங்கே ஓர் அரண்மனை இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் அதைக் கட்டி, 1555 வாக்கில் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்தார்கள். அதனால் டச்சு அரண்மனை என்று பெயர் வந்தது. பக்கத்திலேயே 1568-ல் கட்டிய யூதர் கோயில். பள்ளிப் பிள்ளைகள் இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

அதே ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது கூலிக்காரர்களின் சரித்திரம்.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்க நிறையப் பேர் வருவார்கள். வேலை சிலருக்குத்தான். ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார். அந்த வில்லைக்குப் பெயர் சாப்பா. அது கையில் கிடைத்தவருக்கு அன்று வேலை. கிடைக்காதவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருவரை ஒருவர் தள்ளி, மிதித்துப் பாய்வார்கள். ஒன்றாக வந்தவர்களே அடித்துக்கொள்வார்கள்.

தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்து இதை எதிர்த்தார்கள். 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவர் உயிரிழந்தார்கள். பின்னாளில் சாப்பா முறை ஒழிந்தது.

இதை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது?

1997-ல் கேரளத்தில் தொடக்கப் பள்ளிப் பாடமுறை மாறியது. பிள்ளைகள் தாங்களே செய்து, கேட்டு, பேசிக் கற்க வேண்டும் என்றார்கள். சொல்வது எளிது. ஆசிரியர்கள் படித்ததோ பழைய முறையில். ஆகவே பயிற்சியில் ஆசிரியரே முதலில் மாணவராக உட்கார வேண்டும். பேச்சைக் கேட்டு, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுப் போகும் பயிற்சியால் பயனில்லை.

முப்பது ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி தருபவர் ஐந்து அட்டை வில்லைகளை மேசைமேல் வைக்கிறார். “இன்று ஐந்து பேருக்குத்தான் கூலி. யாருக்குக் கொடுக்கலாம்?” என்று கேட்கிறார். ஒருவர் வயதானவருக்கு என்பார். ஒருவர் பிள்ளைகுட்டிக்காரருக்கு என்பார். இன்னொருவர், “முறை வைத்துக் கொடுத்தால் என்ன?” என்பார். வாக்குவாதம் வரும். வரட்டும். “வில்லையை ஏன் வீசினார்கள்? கையில் கொடுத்தால் ஆகாதா?” என்று யாராவது கேட்டால் பாடம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

வில்லையை வீசி விளையாட்டுக் காட்டக் கூடாது. அந்த வகுப்பில் ஒரு பிள்ளையின் தாத்தா சாப்பாவுக்காக மிதிபட்டவராக இருக்கலாம். அந்தப் பிள்ளை தலைகுனியக் கூடாது.

அடுத்த வேலை வெளியே. பிள்ளைகள் பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். “வேலை இல்லாத நாளில் என்ன சாப்பிட்டீர்கள்? கூலி எவ்வளவு? பெண்கள் என்ன வேலை செய்தார்கள்?” இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். நினைவு அப்படித்தான். அதைப் பழைய பத்திரிகையோடு ஒப்பிட ஆசிரியர் கற்றுத்தர வேண்டும். எது சரி என்று முதலிலேயே தாமே சொல்லிவிடக் கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம்!

நண்பர்களே, எர்ணாகுளம் 1990-ல் இந்தியாவிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. சுமை தூக்கிய கைகள் பலவும் அப்போது எழுதப் பழகின. உங்கள் பேரப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டால், “எனக்கு என்ன தெரியும்?” என்று அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே இரண்டு வரி எழுதி, கீழே உங்கள் பெயரையும் போட்டுக் கொடுங்கள்.