விலைச்சீட்டும் கல்லாவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் மிகச் சிறியதுபோலத் தோன்றும். கடைத்தட்டில் ஒரு விலை எழுதியிருக்கிறது. பணம் கொடுக்குமிடத்தில் வேறு விலை கேட்கப்படுகிறது. இதற்கென ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் நம் சமூகத்தாரிற் பலர் கல்லாவுக்கு உள்ளே அமர்ந்திருப்பவர். நாமெல்லோருமே ஏதேனும் ஒரு கல்லாவுக்கு வெளியே நிற்பவர். ஆகையால் இவ்விஷயம் நம்மை இரு புறத்தும் தொடுகின்றது.

சென்ற தை மாதத்தில் நாம் வீட்டாருடன் நகரத்துப் பெருங்கடையொன்றுக்குச் சென்றிருந்தோம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்ப் புட்டிகள் அடுக்கியிருந்த தட்டில் 365 ரூபாய் என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. புட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை 420 ரூபாய். கல்லாவிற் கொடுத்த பில்லிலோ 389 ரூபாய் கண்டிருந்தது. கேட்டதற்கு அங்கிருந்த இளைஞர், “கம்ப்யூட்டரில் உள்ளபடிதான் போட முடியும், ஐயா. 420-க்குக் குறைவாகத்தானே போட்டிருக்கிறோம்?” என்றார். அவரைத் தட்டண்டை அழைத்துச் சென்று சீட்டைக் காட்டினோம். மேலாளர் வந்து 24 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் அவ்வளவோடு முடிந்ததென்றே எண்ணினோம். நமக்குப் பின் நின்ற ஒரு மூதாட்டியாரும் அதே எண்ணெயை வைத்திருந்தார். அவருக்கு மறுபடியும் 389 ரூபாயே போடப்பட்டது. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. கேட்டவருக்கு ஒரு விலை, கேளாதவருக்கு ஒரு விலை என்றாயிற்று! அவருக்காகவும் பேசி 24 ரூபாயை வாங்கிக் கொடுத்து வந்தோம். ஆயினும் அவருக்குப் பின் எத்தனை பேர் வந்தனரோ என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. நாளொன்றுக்கு நூறு பேர் வாங்கினால், 24 ரூபாய் 2,400 ரூபாய் ஆகின்றதன்றோ?

இப்பிழை எங்ஙனம் நேர்கின்றது? முற்காலத்தில் விலை வியாபாரியின் வாயில் இருந்தது. பிறகு பொருளின்மேல் எழுதப்பட்டது. 1974 ஜூன் 26-ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டிராய் நகரக் கடையொன்றில், சூயிங்கம் பொதியொன்றின் கோட்டுக்குறி முதன்முதலாகக் கல்லாவிற் படிக்கப்பட்டது. அது முதல் விலை இரண்டிடத்தில் வாழத் தொடங்கிற்று. ஒன்று தட்டிலுள்ள காகிதச் சீட்டு. மற்றொன்று கணிப்பொறியின் கணக்கு. கணக்கை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். சீட்டை ஓர் ஆள் நடந்துசென்று மாற்ற வேண்டும். சலுகை நாட்கள் முடிந்த மறுநாட் காலையில் கணக்கு மாறிவிடுகின்றது; சீட்டோ பழையபடியே நிற்கின்றது. ஆகவே இது பெரும்பாலும் வஞ்சகமன்று, அஜாக்கிரதையே என்று சொல்லலாம். ஆனால் விளையும் நஷ்டத்தை எப்பொழுதும் வாங்குவோர் தலையிலேயே சுமத்தும் அஜாக்கிரதையை மன்னிக்கத்தக்கதென்று சொல்லலாகாது.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கின்றது. எவ்வெவ் விலைக்கு மேல் வாங்கினால் முறையிடலாம் என்பதை அது எடுத்துரைக்கின்றது. சட்டத்தால் வரையறுத்த விலை, பொருளின்மீதோ பொதியின்மீதோ காட்டிய விலை, சட்டப்படி வைத்த விலைப்பட்டியலிற் கண்ட விலை, இரு திறத்தாரும் ஒத்துக்கொண்ட விலை ஆகிய நான்கும் அவை. அன்றியும், விலையைப் பற்றிப் பொதுமக்களை மயங்கச் செய்வது முறையற்ற வணிகம் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. விற்ற பொருளுக்குப் பில் கொடாமையும் அவ்வாறே.

அதிகபட்ச சில்லறை விலை என்பது வேறொரு சட்டத்தைச் சேர்ந்தது. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தையும் அதன்கீழ் 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளையும் ஒட்டியது அது. எல்லா வரிகளும் அதனுள் அடக்கம்; அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியே கூட்டிக் கேட்பது செல்லாது. அச்சிட்ட விலையை மறைத்து உயர்ந்த விலையை ஒட்டுவதும் கூடாது. விலையைக் குறைப்பதாயின் புதிய சீட்டு ஒட்டலாம். ஆனால் பழைய விலை அதன்கீழ் மறையலாகாது.

அவ்விளைஞர் கூறிய சமாதானத்தின் பிழை இங்கேதான் இருக்கின்றது. அதிகபட்ச விலை என்பது மேல் எல்லை மாத்திரமே. எல்லைக்குள் நின்றேன் என்பது, சொன்ன சொல்லை மீறினேன் என்பதற்கு விடையாகாது. 365 என்று காட்டி அழைத்தவர் 389 வாங்கினால், 420 என்னும் எண் அவரைக் காப்பாற்றாது.

வாங்குவோர் அறிய வேண்டிய வரம்பு ஒன்றும் உண்டு. தட்டில் விலையிட்டு வைப்பது ‘வந்து வாங்குக’ என்னும் அழைப்பே, ஒப்பந்தம் கல்லாவிலேதான் முடிகின்றது என்று 1953-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மருந்துக்கடை வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே 1,500 ரூபாய்ப் பொருளுக்குக் கைதவறி 15 என்று எழுதிவிட்டால், அவ்விலைக்கே தரவேண்டுமென்று கட்டாயப்படுத்துதல் எளிதன்று, நியாயமுமன்று. கல்லாவிற் பிழை வெளிப்பட்டால் வியாபாரி விற்க மறுக்கலாம். நாமும் வேண்டாமென்று வைத்துவிட்டு வரலாம். ஆனால் காட்டியது ஒன்றாக, சொல்லாமல் வாங்கியது வேறாக இருத்தல் எவ்வகையிலும் தகாது.

இவ்வாறு நேர்ந்தால் செய்ய வேண்டியவை சிலவே. பில்லைக் கல்லாவண்டையிலேயே வாசிக்க வேண்டும். வேறுபாடு கண்டால் தட்டிலுள்ள சீட்டைக் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் அச்சீட்டு மாறிவிடக்கூடும். மேலாளரிடம் அமைதியாகச் சொல்ல வேண்டும். கல்லாவில் அமர்ந்த பிள்ளையைக் கடிந்துகொள்வதிற் பயனில்லை, விலையை எழுதியவர் அவரல்லர். அங்கே தீராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் எடையளவு ஆய்வாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் அவர்கள் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் ஊரைச் சேர்ந்த ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்.

இதுகாறும் கல்லாவுக்கு வெளியே நின்று பேசினோம். இனி உள்ளே சென்று பேசுவது நம் கடமை. மேற்சொன்ன சம்பவத்தை நம் சங்கத்து வியாபாரியொருவரிடம் சற்றுக் கோபத்தோடு எடுத்துரைத்தோம். அவர் புன்னகைத்து, “நம் கடைக்கு வந்து பாருங்கள்; அப்படியொன்றும் இராது” என்றார். அன்று மாலையே இருவருமாகச் சென்று நாற்பது சீட்டுக்களைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். மூன்று தவறாயிருந்தன, இரண்டு வாங்குவோருக்கு நஷ்டமாக இருந்தன. அவர் பெரிதும் நாணிப் போனார். மறுநாளே கடை வாயிலில் ஒரு பலகை வைத்துவிட்டார்: ‘சீட்டும் பில்லும் வேறுபட்டால் குறைந்த விலையே எமது விலை.’ அவரை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

அவரோடு பேசியதில் ஒரு வழியும் புலப்பட்டது. விலை ஏறும்போது முதலிற் சீட்டை மாற்றுக; பிறகு கணிப்பொறியை மாற்றுக. விலை இறங்கும்போது முதலிற் கணிப்பொறியை மாற்றுக. பிறகு சீட்டை மாற்றுக. இம்முறையைக் கைக்கொண்டால், இடையே மறதி நேர்ந்தாலும் வாங்குவோர் காட்டிய விலைக்கு மேல் ஒரு காசும் கொடார். செலவு ஒன்றுமில்லை, ஒழுங்கு ஒன்றே வேண்டும். ஒருவர் பிழையைச் சுட்டிக் காட்டினால், அவருக்குத் திருப்பிக் கொடுப்பதோடு நில்லாமல் கணக்கையும் அப்போதே திருத்துக. அடுத்து நிற்கும் மூதாட்டியார் கேட்கமாட்டார்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, அவர்தம் செல்வத்தை மாத்திரம் புகழவில்லை. நடுவுநிலை பிறழாமையையும், பண்டங்களை ஒளிவின்றிச் சொல்லி விற்றமையையுமே பெரிதாக எடுத்துரைக்கின்றது. நம் பாஷையில் நாணயம் என்னும் ஒரு சொல்லே காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நம் முன்னோர் கடனுக்குச் சரக்கு வாங்கியதும், கையெழுத்தில்லாமல் வாய்ச்சொல்லின்மேற் கொடுக்கல் வாங்கல் நடத்தியதும் அந்நாணயத்தின் பலத்தினாலேயே. தட்டில் ஒட்டிய சிறு சீட்டும் வியாபாரி கொடுத்த வாய்ச்சொல்லே ஆகும்.

ஆதலால் இக்கூட்டத்தில் இரண்டு வேண்டுகோள்களைச் சமர்ப்பிக்கின்றோம். கடை வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் சீட்டையும் கணக்கையும் ஒத்துப் பார்ப்பாராக. வீடுகளிலுள்ள பிள்ளைகள், எழுத்தறியாத பாட்டன் பாட்டியரின் பில்லை வாசித்துச் சொல்வாராக. நம்மவர் கடையில் நம்மவர் மாத்திரமல்லர், யார் வந்து வாங்கினும், பில்லை வாசியாமலே வாங்கிச் செல்லலாம் என்னும் பெயர் நம் சமூகத்திற்கு வருமாயின் அதனினும் பெரிய மகமை வேறில்லை.