காணும் நாள்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பொங்கல் திருநாளின் நிறைவு நாளைக் 'காணும் பொங்கல்' என்கிறோம். போகியன்று பழையன கழிகின்றன. தை முதல் நாள் கதிரவனுக்கு உரியது. மறுநாள் மாட்டுக்கு உரியது. அடுத்த நாளோ மனிதர் மனிதரைக் காண்பதற்கென்றே அமைந்தது. பெரியோர் இல்லம் சென்று வணங்குதலும், உற்றாரைத் தேடிச் செல்லுதலும், சென்னையில் மெரினாக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுதலும் அந்நாளின் வழக்கங்கள்.

ஆயினும் விழாநாள் எல்லார்க்கும் ஒன்றுபோல் விடிவதில்லை. புகார் நகரின் இந்திரவிழாவை விரித்துரைத்த இளங்கோவடிகள், அக்காதையின் முடிவில் கண்ணகியின் கண்ணீரைக் காட்டுகிறார். ஊர் களித்திருக்க, ஒருத்தி உள்ளே அழுகிறாள். பின்னர் மதுரையில், தான் இழந்தவற்றைக் கோவலனிடம் எண்ணிச் சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் அவள் சேர்த்துச் சொல்கிறாள். செல்வம் போனதை அங்கே அவள் குறையாகச் சொல்லவில்லை.

அவ்விடத்திலேயே மற்றொன்றும் சொல்கிறாள். மாமனும் மாமியும் தன்னைக் காண வந்தபோது துயரை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டினாள். அதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியது. அம்முறுவல் பொய் என்று அறிய நேரில் வந்த கண்கள் வேண்டியிருந்தன. வாழ்த்து மடலுக்கு அது தெரியாது; தொலைபேசிக்கும் தெரியாது.

இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாத வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அது துயரத்துக்குச் செய்யும் மரியாதை. ஆனால், பொங்கலிடாதிருப்பது வேறு. வாயிலை அடைத்துக்கொள்வது வேறு. "அவர்களுக்குப் பண்டிகை இல்லையே" என்று நாமும் போகாதிருந்துவிடுகிறோம். துயருற்றவர் தாமே எழுந்து வருவார் என்று காத்திருத்தல் முறையன்று. நடக்க வேண்டிய கால்கள் நம்முடையவை.

கவிஞர்க்குத் தனிமை வேண்டும் என்பர், வேண்டுந்தான். எனினும் தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளுள் 'கேட்போர்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். அகப்பாடலில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். எவரும் இல்லாதபோது தன் நெஞ்சையே விளித்துப் பேசுகிறாள். கேட்பவரில்லாத பேச்சைத் தமிழ் மரபு விரும்பவில்லை. பாட்டுக்கே கேட்போர் வேண்டுமெனில், அதனைப் பாடுவோர்க்கு வேண்டாவோ?

இப்பத்தாண்டுகளில் நம் கூட்டங்களுக்குத் தவறாது வந்து, பின்னர் வாராது நின்றவர் சிலர் உளர். நோயுற்றோர், துணையை இழந்தோர், எழுத்து வற்றிவிட்டதென்று தாமே ஒதுங்கியோர் அவருள் இருக்கலாம். அவர்தம் முகவரிகள் நம் பதிவேட்டில் உள்ளன. அடுத்த காணும் பொங்கலன்று உறுப்பினர் ஒவ்வொருவரும் அவருள் ஒருவரையேனும் சென்று காணவேண்டும் என்பதே என் விண்ணப்பம். மலரும் மாலையும் வேண்டா. கவிதை கேட்கவும் வேண்டா. திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் போதும்.