கோடையில் மனநலம் காப்போம்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் சிறு சொல்லும் பெருஞ்சண்டையாகின்றது. இதைக் குணக்கேடு என்று எண்ணுகின்றோம். பல வேளைகளில் தூக்கக்கேடே காரணம். உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் நல்லுறக்கம் வரும். புழுக்கம் நீங்காத இரவில் அது எளிதில் தணிவதில்லை. எனவே உறங்குமுன் குளிப்பதும், இரவுத் தேநீரைத் தவிர்ப்பதும் மனத்திற்கும் மருந்தாகும். மே மாதத்தில் தேர்வு முடிவுகளும் வருவதால் பிள்ளைகள்மீது கூடுதல் கவனம் தேவை. உறவினர்கள் தங்கள் மதிப்பெண் விசாரணையைச் சற்று ஒத்திவைக்கலாம்!

நாம் முக்கியமாகக் கூற விழைவது வேறு. மனநோய்க்கு மாத்திரை உட்கொள்வோர் சிலர், "மாத்திரை சூடு" எனக் கருதிக் கோடையில் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். நோய் மீண்டும் தலைதூக்க இது வழிவகுக்கும். அதேவேளை, இவர்களுள் சிலருக்கு வெயில் உண்மையிலேயே ஆபத்தானது. லித்தியம் உட்கொள்வோரின் உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு நச்சாகுமளவு உயரக்கூடும். கடும் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தோன்றினால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். வேறு சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடற்சூட்டை ஏற்றும். ஆகவே கோடைக்கு முன்பே மருத்துவரைக் காண்பது நலம். நோன்பு நோற்க விரும்பினாலும் அவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

வெளியே சொல்லத் தயங்குவோர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைத்துள்ளோம்.