முதல் மலைநடை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மலை பழக்கமில்லாத பொருள். கீரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோம். போய்ப் பார்த்தால் கடலும் கேணியும் இருக்கின்றன, மலையைக் காணோம். ஆகவே, இம்முறை சிவனொளிபாத மலைக்குப் போக வேண்டுமென்று வாலிபர் கேட்டபோது பெரியோர் சிலர் தயங்கியதில் வியப்பில்லை. அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

அம்மலையின் உயரம் 2,243 மீற்றர். சிவன் பாதமென்று நாமும், புத்தர் பாதமென்று பௌத்தரும், ஆதம் பாதமென்று இஸ்லாமியரும் போற்றும் இடம். மொரோக்கோ நாட்டு யாத்திரீகர் இபன் பதூதா 1344இல் ஏறியிருக்கிறார். முதன்முறை போகிறவருக்கு நல்லதண்ணி வழியே ஏற்றது. சுமார் 7 கிலோமீற்றர்; 5,000க்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரி வழி இதைவிட நீளம். அதைப் பிறகு பார்க்கலாம். டிசம்பர்ப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை யாத்திரைக் காலம். அந்நாட்களில் வழியில் விளக்கு உண்டு, தேநீர்க்கடை உண்டு, துணைக்குச் சனம் உண்டு. மற்ற மாதங்களில் மழையும் அட்டையும் இருட்டுந்தான். பழகாதவர் போகும் காலம் அதுவன்று.

எவ்வளவு நேரம் செல்லும்? நெய்ஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம்; அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். நல்லதண்ணியிலிருந்து நாம் ஏறவேண்டியது ஏறக்குறைய 3,300 அடி. கூட்டிப் பார்த்தால் மூன்று மணித்தியாலம் வரும். அது பழகிய காலுக்கு. நாம் நான்கு, ஐந்து என்று வைத்துக்கொள்வோம். சூரியோதயம் காண விரும்பினால் இரவு ஒரு மணிக்கே புறப்பட வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் பாதை அவ்வளவு செங்குத்தல்ல. வாலிபர் அங்கே பாய்ந்து நடந்து, படிகள் நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். தோட்டத்து ஆச்சி ஒருவர் வெறுங்காலோடு, ஒரே சீராக, நில்லாமல் ஏறிப்போனதை நான் கண்டிருக்கிறேன். அவரை மூன்று தடவை முந்திய பையன்கள் உச்சிக்கு வந்தபோது அவர் கும்பிட்டு முடித்திருந்தார். ஆமை முயல் கதை என்று சிரிக்க வேண்டாம். நடக்கும்போது ஒரு வசனத்தை மூச்சு முட்டாமல் பேசி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

ஒருவன் பின்தங்கினால், "நீ மெல்ல வா மச்சான்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் போய்விடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. களைத்தவனைக் குளிரிலே தனியே விடுகிற காரியம் அது. அவன் கால் தவறினாலும், வழி மாறினாலும், முன்னே போனவருக்குத் தெரியாது. நம் தாய்மார் பயப்படுவது மலைக்கல்ல, இதற்கே. ஆதலால் மெல்ல நடப்பவனே வரிசையில் முன்னே போகட்டும். அவன் நடையே எல்லாருடைய நடை. வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும்.

உயரம் 1,000 மீற்றர் கூடக்கூட வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றிலே நின்றால் உடல் நடுங்கிவிடும். உலர்ந்த சட்டையொன்றும் கம்பளிச் சட்டையொன்றும் பையில் இருக்கட்டும். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது. பெருவிரலுக்கு முன்னே சிறிது இடம் வேண்டும், இல்லையேல் இறங்கும்போது நகம் நசியும். தண்ணீர், பனங்கட்டி, கச்சான், கைவிளக்கு போதும். சுமை கூடினால் முழங்கால் கணக்குக் கேட்கும்.

இறக்கத்தை எளிதென்று எண்ணாதீர்கள். ஏறும்போது களைப்பது நெஞ்சு. இறங்கும்போது நோவது தொடை. ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தைத் தாங்கிப்பிடிப்பது அத்தசைதான். நோவு அன்றைக்கல்ல, அடுத்த இரண்டு மூன்று நாளிலே உச்சமடையும். ஊன்றிக்கொள்ள ஒரு பொல்லு பெரிய உதவி. அதைப் பிடிக்க வெட்கப்படும் இளைஞருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, படிகள் சொல்லும்.

பயிற்சிக்கு மேடு இல்லையே என்பீர்கள். மாடிப்படி இருக்கிறதே! பண்ணைப் பாலத்தில் விடியற்காலை எதிர்காற்றில் நடக்கலாம். கிழமைக்கு மூன்று நாள், ஆறு கிழமை. இடையில் ஒருநாள் மிகிந்தலைக்குப் போய்வருவோம்; அங்கே 1,840 படிகள் என்பார்கள்.

ஏறும் வழியில் ஓரிடத்தில் செடிகளின்மேல் வெள்ளை நூல் படர்ந்திருப்பதைக் காண்பீர்கள். புத்தர் அங்கே தங்கித் தம் ஆடையைத் தைத்தார் என்பது பௌத்தரின் நம்பிக்கை. யாத்திரீகர் அதன் நினைவாக நூல் இழுத்துச் செல்வர். அதைப் பிடித்து விளையாட வேண்டாம். உச்சியில் மணியொன்று உண்டு. எத்தனையாவது தடவை வந்தீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். நமக்கு ஒன்றுதான்.

வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மிகிந்தலையில் மூச்சு வாங்குகிறவர் பெயரை வெட்டமாட்டோம். அவரை வரிசையின் முன்னே நிறுத்துவோம்.