இலைதானே என்று இருந்துவிட வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் வீடுகளில் கருஞ்சீரகமும் கஷாயமும் இல்லாத நாளில்லை. அது நல்லதுதான். ஆனால், "இலை, வேர்தானே! என்ன செய்துவிடப் போகிறது?" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

ஒரு மூலிகைச் சாற்றை மருந்தாக்கும் முன் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மூன்று பெண் எலிகள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஒரே தடவை புகட்டி, 14 நாட்கள் கவனிக்கிறார்கள். இதில் வழக்கமான உச்ச அளவு 2000 மில்லிகிராம். 200 கிராம் எலிக்கு அது 400 மில்லிகிராம் ஆகும். எலி பிழைத்துக்கொண்டால் முதல் படி தாண்டியது, அவ்வளவே. அடுத்து 28 நாள், 90 நாள் தினமும் கொடுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். மெல்லக் கொல்லும் நஞ்சு அங்கேதான் பிடிபடும்.

ஒரு நடந்த செய்தி. ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு உண்டு. அதை மூன்று மாதம் கொடுத்த எலிகளுக்கு வயிற்றில் புற்றுக்கட்டி வந்ததை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் அம்மருந்துகள் நிறுத்தப்பட்டன. ஆனால் பத்தாண்டு கழித்து பெல்ஜியத்தில், உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. பெரும்பாலும் பெண்கள். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த இந்த இனச் செடி கலந்துவிட்டதுதான் காரணம். எலிகள் சொன்ன செய்தியை மனிதர்கள் கேட்கவில்லை.

வாயில்லா ஜீவனை வதைக்கலாமா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூனையைப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். நம் நாட்டிலும் விலங்குநல நெறிக்குழுவின் அனுமதியின்றி இச்சோதனை செய்யக்கூடாது. எலிக்குப் பதில் வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வேதனையைத் தணிக்கலாமா என்ற மூன்று கேள்விகளை 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்கள் முன்வைத்தார்கள். பாதி எலிகள் சாகும் அளவைத் தேடும் பழைய முறையை 2002இல் பன்னாட்டு நெறிமுறையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். தேவையின்றி ஓர் உயிரையும் வருத்தக்கூடாது. அப்படி வருத்திப் பெற்ற அறிவை வீணாக்கவும் கூடாது.

ஆகவே சகோதரிகளே, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவில் போட்டிருந்தால், எத்தனை நாள் ஆய்வு என்று கேளுங்கள். பெயர் தெரியாத பொடியை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களும் நாட்டு மருந்து சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நோய்க்கு மருந்தைத் தந்த அல்லாஹ், அதை அளவறிந்து பயன்படுத்தும் அறிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.