மாட்டுங்காவில் ஒரு தொழிற்கலைக்கூடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் வட்டாரத்துக் கல்வி நிலையம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் யான் பொறியியல் கற்றவனல்லன். ஆயினும், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகத்தின் வரலாறு நம் குடும்பங்களுக்கும் ஒரு பாடம் புகட்டுவதால் இசைந்தேன்.

1853-இல் இந்நகரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டிலேயே முதற் பஞ்சாலைக்கு அடிகோலப்பட்டது. ஆலைகள் பெருகின, ஆனால் இயந்திரத்தின் நுட்பமறிந்தோர் இலங்காஷயரிலிருந்தே வரவேண்டியிருந்தது. உழைப்பு நம்முடையது, அறிவு கடல் கடந்து வந்தது. இக்குறையை நீக்கவே, விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பொன்விழா ஆண்டான 1887-இல், ரே பிரபு ஆளுநராயிருந்தபோது, விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் தோன்றிற்று. ஆலையதிபர் சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் போன்ற செல்வர்கள் வாரி வழங்கினர்.

முதலில் பைகுல்லாவில் இயங்கிய கழகம் 1923-இல் மாட்டுங்காவுக்குப் பெயர்ந்தது. இங்குப் பயின்று எல்.எம்.இ., எல்.இ.இ., எல்.டி.எம். பட்டயங்கள் பெற்றோர் பலர். ஏட்டோடு பட்டறையும் அவர்களுக்குப் பாடமாயிற்று. பின்னர்ப் பட்டப்படிப்புகளும் வந்தன. 1997-இல் இப்போதைய பெயரும், 2004-இல் தன்னாட்சியும் கிட்டின.

இடையில் நேர்ந்ததொன்றை மறத்தலாகாது. 1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் பல ஆலைகள் மீண்டும் திறக்கப்படவேயில்லை. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் இன்று அங்காடிகளும் அடுக்கு மாளிகைகளும் நிற்கின்றன. எந்த ஆலைகளுக்காகக் கழகம் தோன்றியதோ அவை மறைந்தன, கழகமோ வாழ்கின்றது! நெசவியலைக் கைவிடாமலே மின்னியல், கட்டடவியல், கணினியியல் எனக் காலத்திற்கேற்பக் கிளை விரித்தமையே காரணம்.

இனி, நம்மவர் நிலையைப் பார்ப்போம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து மாட்டுங்காவில் குடியேறிய தென்னாட்டார் பலருக்கு ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்துமே சோறு போட்டன. அது நேர்மையான பிழைப்பு, இழிவென்பார் எவருமிலர். ஆனால் இன்று அந்தத் தட்டச்சுப் பொறி எங்கே? ஆலையைப் போல அதுவும் மறைந்தது. எனினும், நம் மனத்திலுள்ள நாற்காலி ஆசை மட்டும் மறையவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, "பட்டயப் படிப்பில் சேர்கிறேன், அப்பா" என்றால், தந்தையின் முகம் வாடுகின்றது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று தாய் கலங்குகிறாள். கையில் எண்ணெய்க் கறை படிவது குடும்பத்திற்கே கறையென்று கருதுகிறோம்.

அன்பர்களே! ரயில் ஓடுவது கோப்பினால் மட்டுமா? பணிமனையில் சக்கரம் திருத்துவோன் கையினாலன்றோ! பட்டயமும் பட்டமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் கழகம் நம் வாயிலருகே இருக்கின்றது. இவ்வாண்டு தேர்வு முடிவு வந்ததும், நம் ஆண் மக்களையும் பெண் மக்களையும் அழைத்துச் சென்று அதனைக் காட்டுங்கள். விருப்பம் எதுவென அவர்களையே கேளுங்கள். விடை எதுவாயினும், முகம் வாடாது ஏற்றுக்கொள்ளுங்கள் என வேண்டி அமைகின்றேன்.